வேட்டைக்கு லைசென்ஸ் எந்த வெப்சைட்ல கிடைக்கும்?

இது கைபேசியில் கேட்பதற்காகப் பேசிய உரை. படிக்க விரும்புகிறவர்களுக்காக எழுத்திலும் தருகிறோம். பேசியதைப் பெரிதாகத் திருத்தவில்லை. அங்கங்கே பேச்சு வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்க.

பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது, இப்படித்தான் எனக்குக் கேள்விகள் வரும். போன மாதம் எங்க மாவட்டத்துக்காரர் ஒருவர், விராலிமலைப் பக்கத்து ஐயா, போன் பண்ணினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "ஏம்மா, எல்லாத்தையும் ஆன்லைன்ல கொண்டாந்துட்டாங்கன்னு எழுதுறியே, முயல் வேட்டைக்கு லைசென்ஸ் எந்த வெப்சைட்ல போடணும்? பேரன் ரெண்டு நாளாத் தேடுறான், ஒண்ணும் சிக்க மாட்டேங்குது" என்றார்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். ஜல்லிக்கட்டு மாட்டுக்கும் வீரருக்கும் ஆன்லைன் பதிவு வந்துவிட்ட மாவட்டம் நம்முடையது. வேட்டைக்கும் ஒரு பக்கம் இருக்கும் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு? அதனால் இன்றைக்கு அதைப் பற்றியே பேசலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

பதில் ஒரே வரிதான். அப்படி ஒரு லைசென்ஸ் தமிழ்நாட்டில் இல்லை. முயலுக்கும் இல்லை, கௌதாரிக்கும் இல்லை, காட்டுப்பன்றிக்கும் இல்லை. கட்டணம் கிடையாது, சீசன் கிடையாது, விண்ணப்பப் படிவமும் கிடையாது. "நான் வாங்கித் தர்றேன்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் பணம் கேட்டால் அது மோசடி. பணம் போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

ஐயா விடவில்லை. "எங்கப்பா காலத்துல லைசென்ஸ் இருந்துச்சும்மா, நான் கண்ணால பாத்திருக்கேன்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தொண்டைமான்களின் தனி சமஸ்தானம். அரசர்கள் வேட்டையாடிய காலம் அது. அதற்குப் பின் வந்த 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்கூட, தொடக்கத்தில் வேட்டையை முழுதாக மூடிவிடவில்லை. பெரிய விலங்குக்கு ஒன்று, சிறிய விலங்குக்கு ஒன்று, பொறி வைத்துப் பிடிக்க ஒன்று என்று தனித்தனி உரிமங்களுக்கு அதில் இடம் இருந்தது. 1991-இல் வந்த திருத்தம்தான் அந்தக் கதவைச் சாத்தியது. ஐயாவின் அப்பா வைத்திருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பேரன் பிறப்பதற்கு முன்பே அந்தக் காகிதம் செல்லாமல் போய்விட்டது.

பேரன் தேடியதும் காரணமில்லாமல் இல்லை. யூடியூபில் அமெரிக்க வீடியோக்கள் வருகின்றன. அங்கே ஒவ்வொரு மாநிலமும் வேட்டை உரிமம் விற்கிறது. எந்த மாதம் மான் சுடலாம், ஒரு ஆள் எத்தனை சுடலாம் என்றெல்லாம் கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் ஏதோ ஒரு அலுவலகத்தில் கொடுப்பார்கள் என்று பையன்கள் நினைக்கிறார்கள்.

இன்னொரு குழப்பம், துப்பாக்கி லைசென்ஸ். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் பெற்ற துப்பாக்கி சில வீடுகளில் இருக்கும். அது துப்பாக்கியை வைத்திருக்கத்தான் அனுமதி. அதை எடுத்துக்கொண்டு போய் வன விலங்கைச் சுட அனுமதி இல்லை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் ஆயுதச் சட்டத்தில் இன்னொரு வழக்கும் சேரும்.

சரி, 'வேட்டை' என்று சட்டம் எதைச் சொல்கிறது? இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சுட்டுக் கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, நாயை ஏவித் துரத்துவது, இரை வைத்து இழுப்பது, விஷம் வைப்பது எல்லாமே வேட்டைதான். பறவை முட்டையை எடுப்பதும், கூட்டைக் கலைப்பதும் அதிலேயே வருகிறது. முயற்சி செய்தாலே குற்றம். ராத்திரி முழுக்க நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நாயோடு சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாலும், "ஒண்ணும் கிடைக்கலையே சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பனைமரப் பொந்தில் இருந்து கிளிக்குஞ்சை எடுத்துக் கூண்டில் வைப்பதும் இதே கணக்குத்தான். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம் என்று சொன்னால் எங்க வீட்டிலேயே நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அப்போ கடையில் காடை விற்கிறதே என்பீர்கள். அது பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. தாராளமாகச் சாப்பிடலாம். வெள்ளை முயல், பண்ணை முயலும் அப்படியே. வயல்காட்டில் பறக்கிற காடையும், கரட்டில் ஓடுகிற முயலும் வேறு.

ஜல்லிக்கட்டுக் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். "போராடி ஜல்லிக்கட்டை வாங்கலையா, வேட்டைக்கும் போராடுவோம்" என்று ஒரு தம்பி கேட்டான். காளை வீட்டு விலங்கு. அதற்கு மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960. அந்தச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 2017-இல் ஒரு திருத்தம் கொண்டு வந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. முயல் யார் வீட்டுத் தொழுவத்திலும் பிறந்ததில்லை. அதற்குச் சட்டமே தனி.

இனி நான் சொல்லப்போவது எங்க குடும்பக் கதை. பெயர், ஊர் வேண்டாம். சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

சித்தி மகன் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். காலை ஐந்து மணிக்கு ஓடுவான், கயிறு ஏறுவான், ராத்திரி நடப்பு நிகழ்வுகள் படிப்பான். ஒரு மழை நாள், பம்புசெட் பக்கம் நண்பர்கள் இரண்டு பேர் ஒரு உடும்பைப் பிடித்திருக்கிறார்கள். இவன் போய்ச் சேர்ந்தபோது அது கயிற்றில் கட்டிக் கிடந்தது. "மாப்ள, தூக்கிப் பிடிடா" என்று ஒருத்தன் சொல்ல, இவனும் வாலைப் பிடித்துத் தூக்கிச் சிரித்திருக்கிறான். போட்டோ எடுத்து, ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்து, நண்பன் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். அதை யாரோ எடுத்து ஊர் குரூப்பில் போட, அங்கிருந்து எங்கெங்கோ போய், மறுநாள் வனத்துறைக்காரர்கள் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"நான் பிடிக்கலக்கா, போட்டோவுக்குத்தான் தூக்கினேன்" என்று என்னிடம் அழுதான். சித்திக்கு அழுகை வரவில்லை. தோட்டைக் கழற்றி அடகு வைத்துப் பணத்தோடு நின்றார். "போன வருஷம் மேலத்தெருப் பசங்க முயல் அடிச்சு மாட்டினப்ப பணம் கட்டித்தான வெளிய வந்தானுங்க? நாமளும் கட்டிருவோம்" என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு ஏன் தப்பு என்று அன்றைக்கு ராத்திரி சட்டத்தைப் படித்துத்தான் எனக்கே தெரிந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி, விலங்குகளின் அட்டவணையை மாற்றி அமைத்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதல் அட்டவணையில் உச்சப் பாதுகாப்பு உள்ள உயிர்கள். மயில், உடும்பு, எறும்புத்தின்னி, நட்சத்திர ஆமை எல்லாம் அதில். காட்டுமுயல், காட்டுப்பன்றி போன்றவை இரண்டாம் அட்டவணையில். இரண்டாம் அட்டவணை விலங்கு என்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் இணக்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழக்கை முடிக்க அதிகாரிக்குச் சட்டம் இடம் தருகிறது. மேலத்தெருப் பையன்கள் வெளியே வந்தது அந்த வழியில். முதல் அட்டவணை என்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. குறைந்தபட்சச் சிறை சொல்லப்பட்ட எந்தக் குற்றத்தையும் பணம் கட்டி முடிக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. கோர்ட்டுக்குத்தான் போகணும்.

முயலுக்கும் உடும்புக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று பம்புசெட்டில் நின்ற மூன்று பேருக்கும் தெரியாது. உடும்புக்கறி முதுகுவலிக்கு நல்லது என்று மட்டும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு எந்த மருத்துவச் சான்றும் கிடையாது.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. காவலர் விண்ணப்பத்தில் 'உங்கள் மீது குற்ற வழக்கு உள்ளதா' என்று ஒரு கட்டம் வரும், பார்த்திருப்பீர்கள். அதில் 'ஆம்' என்று போடணும். மறைத்தால் சரிபார்ப்பில் தெரிந்துவிடும். அவன் இப்போது காலையில் ஓடுவதில்லை.

கைபேசி வைத்திருக்கிற நமக்கு இதில் இன்னும் ஒரு சங்கதி இருக்கிறது. வன உயிரினமோ, அதன் இறைச்சியோ, தோலோ உங்கள் வசம் இருந்தால், அது சட்டத்துக்குப் புறம்பாக வந்தது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். நீங்களே எடுத்துப் போட்ட வீடியோவை வைத்துக்கொண்டு எப்படி இல்லை என்பீர்கள்? 2024-இல் தெலங்கானாவில் ஒருவர் மயில் கறி சமைப்பது எப்படி என்று யூடியூபில் வீடியோ போட்டு வழக்கில் சிக்கினார். வேட்டைக்குப் போன பைக்கையும் பறிமுதல் செய்யலாம். தவணை கட்டி முடிக்காத பைக் என்றாலும்தான்.

இதெல்லாம் சொன்னதும் ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப மயிலு என் கடலையத் திங்கலாம், பன்னி என் வள்ளிக்கிழங்கத் தோண்டலாம், நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்றார். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனசு வரவில்லை. முருகன் கோயில் மயிலைப் பார்க்க விராலிமலைக்கு வருகிறவர்கள் அழகு என்பார்கள். விதைத்த மறுநாள் வயலில் நாற்பது மயில் இறங்குவதைப் பார்க்கிறவருக்கு அது அழகாகத் தெரியாது. சட்டம் எழுதினவர்களில் யாரும் ராத்திரி பரண்மேல் காவல் இருந்திருக்க மாட்டார்கள் என்று எங்க பெரியப்பா சொல்வார். அதை நான் முழுசாக மறுக்க மாட்டேன்.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சட்டம் சொல்லவில்லை. விலங்கு உங்கள் மேலோ பக்கத்தில் இருப்பவர் மேலோ பாய்ந்து, உயிரைக் காக்க அதை அடிக்க வேண்டி வந்தால் அது குற்றமாகாது. அந்த நேரத்தில் நீங்கள் வேறு குற்றத்தில் இறங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். பயிரைக் காக்க இந்த விலக்கு பொருந்தாது. பயிருக்கு வேறு வழி.

காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு நடைமுறை கொண்டு வந்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால், பயிர்ச்சேதம் உறுதியானால் சுடலாம். சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்தான். விவசாயி இல்லை, அவர் மச்சானும் இல்லை. இறைச்சியும் யாருக்கும் கிடைக்காது. புதுக்கோட்டையில் காப்புக்காடு துண்டு துண்டாகத்தான் இருக்கிறது, நடுவில் தைலமரத் தோப்புகள். உங்கள் நிலம் எந்தத் தூரத்தில் வருகிறது என்பதை முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மயிலுக்கு இந்த நடைமுறை இல்லை.

பயிர் அழிந்தால் நிவாரணம் கேட்டு மனு கொடுக்கலாம். சேதம் நடந்த அன்றைக்கே போனை எடுங்கள். தேதி, நேரம், இடம் பதிவாகிற மாதிரி நாலு பக்கத்தில் இருந்தும் படம் எடுங்கள். கால் தடம், தோண்டிய குழி, எச்சம் எல்லாம் தெரியட்டும். பட்டா, சிட்டா நகலை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். மனுவை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். பார்வையிட வருவதற்குள் வயலை உழுதுவிடாதீர்கள். நிறைய மனு அங்கேதான் தோற்கிறது. பதிலே வரவில்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. வயலைச் சுற்றிக் கம்பி கட்டி வீட்டு மின்சாரத்தை விடுவது. பன்றிக்கு வைத்த கம்பியில் பக்கத்து வயல்காரர் செத்த செய்தி பேப்பரில் வந்துகொண்டே இருக்கிறது. பழத்துக்குள் வைக்கிற நாட்டு வெடியும் இதே ரகம். கடிப்பது பன்றியா, நம்ம ஊர்ப் பசுமாடா என்று வெடிக்குத் தெரியாது. சோலார் வேலி என்றாலும் 2023-இல் வந்த மின்வேலி விதிகளைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பழைய சேலையைக் கட்டுவது, பளபளா ரிப்பன், தகரம் தட்டுவது, இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம். மயில் இரண்டு வாரத்தில் பழகிவிடும் என்று ஐயா சொன்னார். அதுவும் உண்மைதான்.

வேட்டை என்றால் நாம் கரட்டையும் கண்மாயையுமே நினைக்கிறோம். புதுக்கோட்டைக்குக் கடலும் இருக்கிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் சகோதரர்களுக்கு இந்தச் சட்டம் நன்றாகவே தெரியும். கடலட்டை 2001 முதல் முதல் அட்டவணையில். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் வாங்கி அதே அட்டையைப் பிடிக்கிறார்கள், இந்தப் பக்கம் பிடித்தால் சிறை. இது ஞாயமா என்று மீனவர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சட்டம் மாறாத வரைக்கும் வலையில் வந்தால் கடலிலேயே விட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. ஆமையும் கடற்குதிரையும் அப்படியே. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகம் அதுதான். வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் ஊக்கத்தொகையும் கொடுத்திருக்கிறது. முடிந்தால் விடுவிப்பதைப் போனில் படம் எடுங்கள். இந்த வீடியோவை நீங்கள் தாராளமாக ஸ்டேட்டஸ் வைக்கலாம்.

நரிக்குறவர் சமூகத்து அண்ணன் ஒருவர் கேட்ட கேள்வியும் பாக்கி இருக்கிறது. பழங்குடியினர் பட்டியலில் சேர்த்துவிட்டார்களே, வேட்டை உரிமை திரும்ப வருமா என்றார். வராது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பல பாரம்பரிய உரிமைகளைக் கொடுக்கிறது. வேட்டையையும் பொறி வைப்பதையும் மட்டும் பெயர் சொல்லி விலக்கிவிட்டது. பழங்குடியினருக்கு வேட்டை உரிமையை 1972 சட்டம் தொடாமல் விட்ட இடம் நிக்கோபார் தீவுகள். ஆனால் அந்தக் கைத்திறனுக்கு வேறு வேலை உண்டு என்பதற்கு இருளர்களைச் சொல்லலாம். பாம்புத்தோல் வியாபாரம் தடையானதும் பிழைப்பு போய் நின்றவர்கள், 1978-இல் ரோமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. அரசு அனுமதியோடு பிடித்து, விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்ப விட்டுவிடுவார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம் போகிறது. அந்தச் சமூகத்து வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கடைசியில் ஐயா தன் உண்மையான கவலையைச் சொன்னார். அவருக்கு முயல் கறி பெரிசில்லை. சிவராத்திரி முடிந்ததும் அவர்கள் ஊரில் பாரிவேட்டை. ஆண்களெல்லாம் காட்டுக்குப் போய் எதையாவது அடித்துக்கொண்டு வந்து சாமிக்குக் காட்டணும். போன வருடம் வனத்துறை எச்சரித்துவிட்டது. இந்த வருடமும் நடக்கவில்லை என்றால் சாமி குத்தம் ஆகிவிடும் என்று ஊரில் பேச்சு. லைசென்ஸ் என்று ஒன்று இருந்தால் பையன்கள் மாட்டாமல் சடங்கு நடக்கும், அதற்குத்தான் கேட்டிருக்கிறார்.

பெரிய கோயில்களில் பாரிவேட்டை என்றால் சாமி குதிரை வாகனத்தில் புறப்பட்டு வரும், அம்பு போடுவார்கள், முடிந்தது, எந்த உயிரும் சாகாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதுமாதிரி ஒரு மரக்குதிரை செய்ய எவ்வளவும்மா ஆகும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

போன வாரம் அவரே மறுபடி அழைத்தார். ஊர்க்கூட்டம் நடந்ததாம். பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் குதிரைக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். அடுத்த அமாவாசைக்குத் திரும்பக் கூடுகிறார்கள். என் சித்தி மகன் கதையை அங்கே சொல்லலாமா என்று கேட்டார். சித்தியிடம் கேட்டேன். "சொல்லச் சொல்லு" என்றார்.